கையெட்டும் தூரத்தில் எது இருக்கவேண்டும்?

பெரகல சந்தியில் மழை தூறிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டோம். மறுநாள் காலையில் கொழும்பில் ஓர் அலுவலகத்தின் முன்னால் நாம் நிற்கவேண்டும். பண்டாரவளையில் கோவாவும் லீக்சும் ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளை வழியாக இறங்கிவந்த லொறியொன்று தேநீர்க்கடை முன்னால் நின்றது. டிரைவர் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். நமக்குத் தெரிந்த குடும்பம். "ஏறுங்க சாமி, விடியிறதுக்குள்ள பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போயிடலாம்" என்றார்.

ஏறியதும் பையைக் காலடியில் வைத்தோம். அவர் வண்டியை எடுக்கவில்லை. "சாமி, பைய அங்க வைக்காதீங்க. தம்பிகிட்ட குடுங்க. அதுக்கு ஒரு எடம் இருக்கு" என்றார். உதவிக்கு இருந்த பையன் அதை வாங்கி ஆசனத்துக்குப் பின்னால் வைத்து ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அந்தப் பையில் இருந்தவை இடம்பெயர்ந்த சில குடும்பங்களின் விண்ணப்பங்கள். அவற்றுட் பல ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்தவை. ஒன்றில் அடையாள அட்டை இலக்கம் இல்லை. இன்னொன்றில் பிறந்த திகதி தவறு. வேறொன்றில் சேமலாப நிதி இலக்கம் தெரியாது. வீடு போனபோது அவற்றையெல்லாம் எழுதிவைத்திருந்த தாளும் போய்விட்டது. ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரம் அந்தப் பையைப் பற்றியே நாம் யோசித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த இரவில் நமக்குப் பாடம் சொல்லித் தந்தது லொறியின் கெபின்தான்.

ஆறடி அகலத்தில் ஒரு வீடு

கெபின் என்பது டிரைவர் இருக்கும் முன்கூடு. அகலம் ஆறடி அளவில் இருக்கும். அதற்குள் இரண்டு பேர் உட்காரவேண்டும், உண்ணவேண்டும், உடை மாற்றவேண்டும், முறை வைத்து உறங்கவும் வேண்டும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போனால் ஓர் இரவு. யாழ்ப்பாணம் வரை போனால் இரண்டு மூன்று நாட்கள் அதுவே வீடு. இருந்தும் அந்த லொறிக்குள் ஒரு பொருளும் சிதறிக் கிடக்கவில்லை.

இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டோம். சிரித்தார். "பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஏழு பேரு இருந்தோம் சாமி. அம்மா இருட்டுல கைய நீட்டுனா தீப்பெட்டி கையில வரும். அதத்தான் இங்க செய்யிறேன்."

அவர் கெபினை மூன்று இடங்களாகப் பிரித்து வைத்திருந்தார். முதலாவது, உட்கார்ந்தபடியே கையெட்டும் இடம். இரண்டாவது, எழுந்து திரும்பி எடுக்கும் இடம். மூன்றாவது, வண்டியை நிறுத்தி இறங்கி எடுக்கும் இடம்.

கையெட்டும் இடத்தில் டோர்ச், தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய், சில்லறைக் காசு, கைத்தொலைபேசி ஆகியவை மட்டுமே இருந்தன. போத்தலும் வெறுமனே கிடக்கவில்லை. கதவோடு பொருத்திய வலைப்பையில் நின்றது. எழுந்து எடுக்கும் இடத்தில் மாற்றுச் சாரம், சட்டை, கம்பளி, சோற்றுப் பெட்டி, மருந்துப் பொட்டலம். பாய் சுருட்டப்பட்டு, பொலித்தீன் சுற்றி, ஆசனத்துக்குப் பின்னால் நீளவாக்கில் கட்டப்பட்டிருந்தது. ஜக், சில்லு கழற்றும் சாவி, கயிறு, படங்கின் கொக்கிகள் ஆகிய பாரமானவை ஆசனத்தின் கீழே பெட்டிக்குள் பூட்டியிருந்தன. சில்லுக்கு அணை கொடுக்கும் மரக்கட்டை மாத்திரம் பையனின் கதவோரத்தில். பள்ளத்தில் வண்டி நின்றால் அவன் அதைத் தூக்கிக்கொண்டுதான் குதிக்கவேண்டும்.

கண்ணாடிக்கு முன்னாலுள்ள தட்டில் ஒரு பொருளும் இல்லை. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, புத்தர் ஆகியோரின் சிறிய படங்கள் மூன்று மட்டும் ஒட்டப்பட்டிருந்தன.

ஒழுங்கு என்பது அழகுக்காக அல்ல

ஹல்துமுல்ல இறக்கத்தில் அவர் விளக்கம் சொன்னார். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் லொறியைச் சடுதியாக நிறுத்தினால் லொறி நிற்கும். உள்ளே கட்டப்படாமல் இருக்கும் பொருள் நிற்காது. அது அதே 40 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் பாயும். தலைக்குப் பின்னால் வைத்த ஜக் தலையைப் பதம் பார்க்கும். ஆகவே பாரமானது எப்போதும் கீழே. மெதுவானதும் இலேசானதும் மேலே.

டிரைவரின் காலடியில் எதுவும் இருக்கலாகாது. உருண்டுபோன ஒரு வெறும் போத்தல் பிரேக் மிதியின் அடியில் சிக்கினால், மிதிக்கும்போது மிதி இறங்காது. அந்த வளைவுகளில் அது போதும். நமது பைக்கு அவர் இடம் தர மறுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

வேறு சில விதிகளும் அவருக்கு இருந்தன. ஈரமான துணி உள்ளே வராது; அது ஏனைய துணிகளையும் பாயையும் கெடுத்துவிடும், கண்ணாடியிலும் ஆவி படியச் செய்யும். கெபினுக்குள் அடுப்பு மூட்டுவதில்லை. கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டு மண்ணெண்ணெய் அடுப்போ கரியோ எரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு மணமில்லை, உறங்குபவர் எழும்பாமலே போய்விடலாம். இது முகாமிலுள்ள கூடாரத்துக்கும் பூட்டிய அறைக்கும் அப்படியே பொருந்தும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கூட்டித் துடைப்பார். ஒரு மாதமாகத் தொடாத பொருள் வீட்டுக்குப் போய்விடும்.

வாகனப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டோம். வருமான அனுமதிப்பத்திரம் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. காப்புறுதிப் பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் சாரதி அனுமதிப்பத்திரமும் ஓர் உறைக்குள் இருந்தன. அந்த உறை ஆசனத்தின் கீழ்ச் சட்டத்தோடு ஒரு நாடாவால் கட்டப்பட்டிருந்தது. "வண்டி பெரண்டாலும் இது வெளியில போகாது. நான் எறங்கி ஓடுனா ஒரே இழுவையில கையோட வரும். எல்லாத்துலயும் ஒரு பிரதி வீட்டுல இருக்கு" என்றார்.

மீரியபெத்தையை நினைக்கும்போது

வண்டி பலாங்கொடையைத் தாண்டும்போது நமது மனம் பின்னோக்கிக் கொஸ்லந்தைக்கே போயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் போயினர்; சிலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டார் பலரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே அவ்விடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. தப்பிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மூடப்பட்டிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கின. 2016இலேயே அவர்களுக்கென 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

எந்தப் பையைக் கட்டி வைத்திருந்தாலும் மலையை அது நிறுத்தியிராது. இழந்தவர்கள் மீது குறை சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. பாதுகாப்பான நிலமும் வீடும் தரவேண்டிய கடமை அரசுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உரியது. அதைக் கேட்பதை நாம் விட்டுவிடலாகாது. எனினும் தப்பியவர் மறுநாள் வரிசையில் நிற்கும்போது "உங்கள் பத்திரம் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்த பின்னரும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது.

கடதாசி என்றால் என்ன என்பதை மலையக மக்களைவிட நன்கறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் அத்தாட்சி கேட்டது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் பெட்டியின் அடியில் முதலில் வைத்தது அந்தக் கடதாசியைத்தான். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. இத்தனை பாடுபட்டுப் பெற்றதைச் சேற்றில் விடலாமா?

கெபினை வீட்டுக்குக் கொண்டு வருவோம்

காம்பராவானாலும் முகாமின் ஒரு மூலையானாலும் அந்த மூன்று இடங்களை நாமும் வகுக்கலாம்.

கையெட்டும் இடம்: கதவருகே ஓர் ஆணியில் ஒரு பை. அதற்குள் இரட்டைப் பொலித்தீன் உறையில் அடையாள அட்டைகள், பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி இலக்கங்கள், காணி அல்லது வீட்டுப் பத்திரம், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, கிளினிக் கொப்பி. அதனுடன் டோர்ச், தொடர்ந்து குடிக்கும் மருந்து, ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், கைக்குழந்தை இருந்தால் அதன் பால்மா. இதற்குமேல் வேண்டாம். வீட்டிலுள்ள வயதான அம்மா ஒரு கையால் தூக்கக்கூடிய பாரமே அதன் எல்லை.

எழுந்து எடுக்கும் இடம்: அன்றாட உடை, பாடசாலைப் புத்தகங்கள், கம்பளி, பாய். புத்தகங்களை நிலத்தில் வைக்காமல் சுவரில் ஒரு பலகை அடித்து வைப்போம். முகாமில் பலகை இல்லையென்றால் உரப்பையைக் கழுவித் தைத்துக் கயிற்றில் தொங்கவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று.

இறங்கி எடுக்கும் இடம்: பண்டிகை உடை, பெரிய பாத்திரம், மண்வெட்டி, விதை. இவை பெட்டிக்குள் அல்லது கட்டிலின் கீழே. பாரமானதைப் பரணில் ஏற்றவேண்டாம். விதை ஈரம்படாத தகரத்துக்குள் இருக்கட்டும். திரும்பப் பயிரிடும் நாளுக்கு அது முதல்.

இலக்கங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி, இன்னொரு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்போம். கைத்தொலைபேசி உள்ளவர்கள் பத்திரங்களைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பலாம். பிறப்புப் பதிவின் இலக்கமும் திகதியும் பதிவான பிரிவும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுப்பது எளிது. தெரியாவிட்டால் நாட்கணக்கில் அலையவேண்டியிருக்கும்.

மழையின் அளவும் பையின் நேரமும்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. அப்போது பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்போம். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயாராகவேண்டும். செருப்பும் கம்பளியும் பைக்கு அருகில் வரட்டும். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் உடனே வெளியேறவேண்டும். அளவு தெரியாவிட்டாலும் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், சடுதியாகக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பை கைக்கு எட்டாவிட்டால் அதை விட்டுவிட்டு ஓடுங்கள். பத்திரத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆளை எடுக்கமுடியாது.

விடியுமுன் பேலியகொடையில் இறங்கினோம். பையன் கயிற்றை அவிழ்த்து நமது பையைத் தந்தான். ஒரு தாளும் நனையவில்லை, கசங்கவில்லை. அலுவலகத்தில் அன்று சில விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. ஏனையவை இலக்கம் இல்லை என்று மறுபடியும் திரும்பின. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து, அந்தந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கலந்துரையாடலுக்கு:

1. இன்றிரவு மின்சாரம் இல்லாமல் எழும்பி ஓடவேண்டி வந்தால் உங்கள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமா?

2. உங்கள் குடும்பத்தில் யாருடைய பத்திரம் இன்னும் எடுக்கப்படவில்லை? அதற்கு யார், எந்த நாளில் போவது?

3. தனியாக வாழும் முதியவர்களின் பைகளை ஒழுங்குபடுத்த உங்கள் லயத்தில் அல்லது முகாமில் யார் உதவலாம்?