ஆறு மணி பேட்ச்

1986 ஏப்ரல். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே அப்பா என்னைக் கும்பகோணத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். "லீவுல தெருவச் சுத்தாத. லோயர் பாஸ் பண்ணி வை, என்னிக்காவது சோறு போடும்." கோடை வகுப்பென்றால் அன்று அதுதான். முகாம் என்று யாரும் சொன்னதில்லை.

காலை ஆறு மணி பேட்ச். எனக்கு வாய்த்தது ஒரு பழைய ரெமிங்டன். முதல் வாரம் முழுக்க இடக்கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலக்கைக்கு செமிகோலன், எல், கே, ஜே. சுண்டுவிரலில் பலம் போதாமல் 'ஏ' மட்டும் தாளில் மங்கலாக விழும். குனிந்து எழுத்தைப் பார்த்தால் மாஸ்டரின் ஸ்கேல் மேசையில் விழும். ஒரு மணி நேரம் முடியுமுன்பே அடுத்த பேட்ச் பையன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அரசுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஏப்ரலில் சேர்ந்தவன் ஆகஸ்டில் எழுதிவிடலாம். தேர்வன்று மெஷின்களையும் வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவார்கள்.

சாயங்காலம் ஒரு வீட்டு மாடியில் இந்தி, பிராத்மிக். 1918இல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தேர்வு. 1965இல் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களின் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவிலிருந்த பகல் எங்களுடையது. மேட்டூர் அணையைத் திறக்கும்வரை காவிரி எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம்.

போன மே மாதம் அக்காவின் பேத்தியைச் சென்னையில் ஒரு கோடை முகாமுக்கு அழைத்துப் போனேன். ஒன்பதரைக்கு யோகா, பிறகு அபாகஸ், ரோபோ, அடுப்பில்லாச் சமையல், ஸ்லைம். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். அவள் பூட்டிய குட்டிக் கார் நகரத் தொடங்கியபோது நேரம் முடிந்தது. கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் அவள் அம்மாவின் வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு படங்கள். பத்தாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். டைப் கிளாஸிலிருந்து நான் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று அன்று யாரும் கேட்டதுமில்லை. ஆனாலும் அந்தக் காரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கலாம். ஒரு வாரம் முழுக்க ஒரே வரியைத் தட்டியவனுக்கு அது உறுத்துகிறது.

அன்றைய வகுப்பும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. என் பெஞ்சுக்காரன் அந்தக் கோடையில் பாத்திரப் பட்டறைக்குப் போனான், ஜூனில் பள்ளிக்குத் திரும்பவில்லை. இன்று காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் போக ஓர் இடமுண்டு: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் சிறுவர் பிரிவு இருக்கிறது, உள்ளே போகக் கட்டணமில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

கோத்ரெஜ் 2009இல் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் தட்டச்சர் வேலைக்கு அரசு இன்னும் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழைக் கேட்கிறது. எங்கள் பயிலகத்தில் ஆறு மணி பேட்ச் இப்போதும் நடக்கிறது. வருபவர்களில் பாதிக்குமேல் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதும் பெண்கள்.