பச்சைக்குழந்தை முதுகில் கல் போல கட்டி!

குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டி கையில் ஏதோ தட்டுப்படுகிறது. முதுகு, பிட்டம், தொடை, கன்னம்... கல் மாதிரி கட்டி! மேலே தோல் சிவந்தோ, ஊதா நிறத்திலோ இருக்கிறது.

"நர்ஸ் கீழே போட்டுட்டாங்களா? ஊசி போட்ட இடம் சீழ் பிடிச்சிருச்சா?" என்று வீடே கலங்கும். ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குக் கிளம்பத் தோன்றும்.

அடியும் இல்லை, சீழும் இல்லை. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு செத்துப் போவதால் வரும் கட்டி இது. அபூர்வம்தான். பெரும்பாலும் மாசம் நிறைந்து பிறந்த குழந்தைக்கே, முதல் சில வாரங்களில் வரும்.

எப்படி வருகிறது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது. பச்சைக்குழந்தையின் கொழுப்பு தேங்காய் எண்ணெய் ஜாதி. பெரியவர்கள் கொழுப்பைவிடச் சீக்கிரம் இறுகும். பிரசவத்தில் மூச்சுத் திணறினாலோ, உடம்பு குளிர்ந்து போனாலோ ஆபத்து.

மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காப்பாற்ற, பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடம்பை 33-34 டிகிரிக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் வைக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கும் இந்தக் கட்டி வருவதுண்டு. (அந்த வைத்தியத்தின் மேலேயே கேள்வி இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. குளிர்வித்த பக்கம்தான் சாவு கூடுதல்!)

கரைந்த பிறகுதான் வினை

கட்டி சில வாரத்தில், மிஞ்சினால் சில மாதத்தில், தானே கரைந்துவிடும். "அப்பாடா" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தப்பு!

கட்டிக்குள் வந்து குவியும் அணுக்கள் வைட்டமின் டி-க்கு வீரியம் ஏற்றிவிடுகின்றன. குடல் அளவுக்கு மீறி சுண்ணாம்புச் சத்தை இழுக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. குழந்தை பால் குடிக்காது. வாந்தி, மலச்சிக்கல், சோர்வு. அடிக்கடி ஒண்ணுக்குப் போய் உடம்பு வற்றும். முற்றினால் சிறுநீரகத்திலேயே சுண்ணாம்பு படியும்.

கட்டி மறைந்து பல வாரம் கழித்தும் இது வரலாம். அதனால் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தம் பார்த்தே ஆகணும். ஊசி குத்தும்போது பிள்ளை கதறும், தாய்க்கு மனசு கேட்காதுதான். என்ன செய்வது? கால்சியம் ஏறியது தெரிந்தால் சலைன் ஏற்றி, வேண்டுமானால் ஸ்டீராய்டும் கொடுத்து இறக்கிவிட வழி இருக்கிறது.

எண்ணெய் போட்டு அமுக்குவது, ஒத்தடம், பிளேடால் கீறுவது எதுவும் வேண்டாம். வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மூச்சுத் திணறல் என்று எழுதியிருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.