சான்றிதழ் இல்லாமல் வரும் பிள்ளை

மறைமலை நகர் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலும் சேர வருவார்கள். "மாற்றுச் சான்றிதழோடு வாங்க" என்று ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்பினேன். அவள் பிறகு வரவேயில்லை.

தொடக்கக் கல்வியில் இந்த விதிவிலக்குக்கு 2009 கல்வி உரிமைச் சட்டமே வழி வைத்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் (பிரிவு 5), வயதுச் சான்று இல்லாவிட்டாலும் (பிரிவு 14) சேர்க்கையை மறுக்கக் கூடாது.

இப்போது பிள்ளையை அன்றே வகுப்பில் அமர்த்துகிறோம். என்ன ஆவணம் குறைகிறது, எந்த ஆசிரியர் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று தனிக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். முதலில் பொறுப்பாளர் பெயர் எழுதவில்லை. ஒரு வரிகூட நகரவில்லை! வெள்ளிதோறும் நிலுவையை மட்டும் பார்க்கிறோம். பெரும்பாலும் முந்தைய பள்ளியின் தொலைபேசி எண்ணைத் தேடுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.