இராவணேசன்: வட்டக்களரியிலிருந்து மேடைக்கு

சேந்தமங்கலத்தை உள்ளடக்கிய சேலம், நாமக்கல் சமவெளியின் தெருக்கூத்தைப் போன்றே, இலங்கை மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தும் விடியவிடிய ஆடப்படும் இசைநாடகமாகும். இத்தகைய கூத்தை மேடைக்குச் சுருக்குங்கால் எதை விடலாம், எதை விடலாகாது என்னும் வினாவிற்கு, 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட மீட்டுருவாக்கம் விடை தருகிறது.

எதிரிவீர சரச்சந்திர, சிங்கள ‘நாடகம’ மரபினின்று ‘மனமே’யை (1956) உருவாக்கியமை இதற்குத் தூண்டுகோலாயிற்று. கற்றோர் பாமரர் கலையெனப் புறக்கணித்த கூத்தை, வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என மேடையேற்றினார்.

மீள மீளப் பாடப்படும் பகுதிகளும் நீண்ட வரவாட்டங்களும் குறைக்கப்பட்டன. நாற்புறமும் அமர்ந்து காண்போருக்குரிய வட்டக்களரி ஆட்டம், ஒருபுறமிருந்து காண்போருக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. ஆயினும் மத்தளம், சல்லரி, பிற்பாட்டு, தாளக்கட்டு, நடிகரே பாடி ஆடும் முறை ஆகியன பேணப்பட்டன. மாணவர்க்கு ஆட்டம் பயிற்றியவர் மரபறிந்த அண்ணாவியாரே. ‘இராவணேசன்’ இராவணனை அவலத் தலைவனாக்கி, அவனது உளப்போராட்டத்தை முன்னிறுத்தியது. அதில் இராவணனாக நடித்த சி. மௌனகுரு பின்னாளில் அதனைப் புதுக்கி மீண்டும் மேடையேற்றினார்.

இழப்பும் இல்லாமலில்லை. ஊரே கூடி மாதக்கணக்கில் பழகி அரங்கேற்றும் நிகழ்வு, மேடையில் நெறியாளரின் படைப்பாயிற்று. எனவே மேடைக்கூத்து ஊர்க்கூத்திற்கு மாற்றாகாது. காலத்தைச் சுருக்கலாம், ஆட்டத்தையும் தாளத்தையும் கற்பிக்கும் ஆசிரியரை இழத்தலாகாது. சேலம், நாமக்கல் கூத்தை மேடைக்குக் கொணர முனைவோர்க்கும் இது பொருந்தும்.