காரணமின்றி நிற்பதில்லை கணிப்பொறி

ஆய்வேட்டின் இறுதி இயலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் ஒரு மாணவர். நள்ளிரவு, எஞ்சியிருப்பவை நான்கே பக்கங்கள். திடீரெனத் திரை நீலமாகிறது. சில வெள்ளை எழுத்துகள் தோன்றி மறைகின்றன. கணிப்பொறி தானே அணைந்து, தானே உயிர்பெறுகிறது. இரண்டு நாள் கழித்து மீண்டும் அதே நிகழ்ச்சி. கடைக்குக் கொண்டு சென்றாலோ நாள் முழுதும் குறையின்றி இயங்குகிறது. 'ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் கடைக்காரர். போட்ட பின்னும் நிற்கிறது!

வீட்டுக் கணிப்பொறிக்கு வரும் பிணிகளுள் இதுவே பிடிபடாதது. முற்றும் கெட்ட பொருளைத் திருத்துவது எளிது; எப்போதாவது கெடும் பொருளைத் திருத்துவது அரிது. எனினும், காரணமின்றிக் காரியமில்லை. காரணம் மறைந்திருக்கிறதே அன்றி இல்லாமற் போகவில்லை. அதைத் தேடும் முறை தெரிந்தால் வீண் செலவும் தவிர்க்கப்படும், உழைப்பும் காக்கப்படும்.

முதற்பணி, பழுது பார்ப்பதன்று, எழுதியவற்றைக் காப்பது. கோப்புகளை வேறொரு தட்டிலும், இயன்றால் மூன்றாம் இடமொன்றிலும் படியெடுத்து வைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நினைவகம் பழுதாகியிருந்தால், படியெடுக்கும்போதே கோப்பு சிதையக்கூடும். ஆதலின் பழைய படியை அழித்து அதன்மேல் புதியதை எழுதலாகாது. இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதே அறிவுடைமை.

அடுத்து, ஒரு குறிப்பேடு தேவை. எந்த நேரத்தில் நின்றது? தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று? என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? மின்விளக்கு மங்கியதா? நீலத்திரையில் தோன்றிய குறியீடு யாது? ஐந்தாறு பதிவுகள் சேர்ந்ததும், தற்செயல் எனத் தோன்றியவற்றுள் ஓர் ஒழுங்கு தென்படலாம்.

நீலத்திரையின்றிச் சட்டென்று அணைந்தால், மின்சாரத்தையோ வெப்பத்தையோ முதலில் ஐயுற வேண்டும். செயலகங்கள் பலவும் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் மிகுந்தால் தம்மைக் காக்க அணைந்துவிடும். விசிறியிற் படிந்த தூசும், காற்றுப் புகாத மேசை மூலையும் இதற்குப் போதிய காரணங்கள். வெப்பம் மிகவில்லையெனில் யு.பி.எஸ்., செருகி, மின்வழங்கி ஆகியவற்றை ஆராய்க. ஆனால் மின்வழங்கிப் பெட்டியை நாமே திறத்தல் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

நீலத்திரை தோன்றி, அதன் குறியீடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்தால், நினைவகத்தின்மேல் ஐயம் கொள்ளலாம். விண்டோசிலேயே நினைவகச் சோதனை உண்டு. மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிடுவது இன்னும் நுணுக்கமான சோதனையாகும். நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தால், மின்னிணைப்பை நீக்கியபின் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். குறியீடு மாறாது ஒன்றாகவே வந்தால், அண்மையில் சேர்த்த மென்பொருளையோ இயக்கியையோ நோக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றன. வன்பொருளில் எக்குறையும் இல்லை!

விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்னும் பதிவைக் கண்டு, மின்வழங்கியே குற்றவாளி என முடிவு கட்டுவோர் பலர். முறைப்படி மூடப்படாமல் கணிப்பொறி மீண்டும் தொடங்கியது என்பதையே அது சொல்கிறது. இறப்பைக் குறித்து, இறப்பின் காரணத்தைக் குறிக்காத பதிவேடு அது.

திரைச் செய்தியே திசைதிருப்புவதும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2022இலும் 2023இலும் வெளியிட்ட 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலகங்கள் சிலவற்றில் விளையாட்டுகள் இடையிலேயே முறிந்தன. 'காட்சி நினைவகம் போதவில்லை' என்றது திரை. பலரும் வரைகலை அட்டையையே பழித்தனர். ஆனால் குற்றம் செயலகத்தில் இருந்தது. அதன் உள்நிரல் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கோரியதே காரணம் என 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளியாயிற்று. முன்னரே சிதைந்த செயலகத்தை அத்திருத்தம் மீட்காது என்பதால், உத்தரவாதக் காலம் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அதற்குள் புதிய வரைகலை அட்டை வாங்கியோரின் பணம் வீணாயிற்றன்றோ?

இவற்றிலிருந்து பெறப்படும் நெறி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. நினைவகத்தையும் மின்வழங்கியையும் ஒரே நாளில் மாற்றிக் குறை நீங்கினாலும், எதனால் நீங்கியது என்பது தெரியாது. ஒன்றுக்குத் தந்த விலை வீண். மாற்றிய பின் பொறுத்திருக்கவும் வேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை நிற்கும் பொறி ஒரு நாள் நிற்காமல் ஓடியது சான்றாகாது. பத்து நாள் ஓடினால் நம்பலாம்.

மாணவர்களே! ஊகத்தை உண்மையெனக் கொள்ளாமை, கண்டதைக் குறித்து வைத்தல், ஒவ்வொன்றாகச் சோதித்தல், முடிவுக்கு முந்தாதிருத்தல் ஆகிய நான்கும் ஆய்வாளர்க்குரிய பண்புகள். அடிக்கடி நின்றுபோகும் ஒரு கணிப்பொறி இந்நான்கையும் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தப் பாடத்தைப் பயிலும் முன், எழுதிய இயலை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க மறவாதீர்!