காஞ்சனை: ஓர் இல்லறக் கதை

"தம்பி, பேய்க்கதையையெல்லாமா பாடமா நடத்துறீங்க?" என்று சங்கரன்கோவிலில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். மூடநம்பிக்கை பிள்ளைகளைப் பற்றிவிடுமோ என்னும் அவர் கவலை நியாயமானதே. அன்று புன்னகைத்து அகன்றேன். விடையை இம்மலரில் எழுத முனைகிறேன்.

நெல்லை மண்ணுக்குரிய புதுமைப்பித்தன் (1906–1948) எழுதி, 1943-இல் வெளிவந்த சிறுகதை 'காஞ்சனை'. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். உறக்கம் பிடிக்காத இரவொன்றில் பிணம் எரியும் நாற்றத்தையும் நறுமணத்தையும் உணர்கிறார். பின்னர், வாசலுக்கு வந்த பிச்சைக்காரி ஒருத்தியை அவர் மனைவி இரங்கி வேலைக்கு அமர்த்துகிறாள். அவளே காஞ்சனை. கணவர் முதலில் நோக்குவது அவள் பாதங்களை. அவை தரையில் பாவியே இருக்கின்றன. ஆயினும் அச்சம் தணியவில்லை. ஓரிரவு மனைவியின் கழுத்தில் குருதித் துளியைக் காண்கிறார். தெருவில் வந்த சுடுகாட்டாண்டி தந்த சாம்பலை உறங்குபவளுக்கு இடுகிறார். விடிந்ததும் காஞ்சனையைக் காணோம். மனைவியோ ஆண்களையே குறைகூறுகிறாள். கணவர் வாயடைத்து நிற்கிறார்.

விந்தைக் கதையின் உயிர் ஐயத்தில் உள்ளது என்றார் தொதரோவ் என்னும் திறனாய்வாளர் (1970). நிகழ்ந்தது இயற்கையா, இயற்கை கடந்ததா என முடிவு செய்ய இயலாத நிலையே அது. புதுமைப்பித்தன் அவ்வையத்தை ஒரே வீட்டினுள் இரு கூறாக்கிவிட்டார். மனைவியின் கண்ணில் அவள் ஆதரவற்ற பெண். கணவரின் கண்ணில் ஆபத்து. இருவரையும் இயக்குவது அன்பே. மனைவிக்கு அது வந்தவள்மீது இரக்கம். கணவருக்கு மனைவிமீது பதற்றம். அவளைக் காக்கத் துடிப்பவர் அவளிடம் மனந்திறந்து ஒரு சொல் சொல்வதில்லை. என்னை அச்சுறுத்துவது இம்மௌனமே.

சாம்பல் அவ்வீட்டு வழக்கம். நம் வீடுகளில் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதுவார்கள். உறங்கும் மனைவியருகே விழித்திருக்கும் கணவரின் நடுக்கம் எவ்வீட்டிலும் ஒன்றுதான்.

இனி அப்பெரியவருக்கு. பாடம் முடிந்ததும், பேய் உண்டா என்று மாணவர் எவரும் கேட்கவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அவர் ஏன் ஐயா மனைவியிடம் சொல்லவேயில்லை?" என்றாள். என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. எஞ்சிய நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.