இடியப்பம் அவிக்க கேஸா, கரண்டா?

பாத்திரக் கடை வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. "நானா, கரண்ட் ஸ்டீமர் நல்லதா, அடுப்பில் வைக்கிற ஸ்டீமர் நல்லதா?"

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரர் இதே கேள்வியோடு வந்தார். மூன்று தட்டுள்ள மின்சார ஸ்டீமர் ஒன்றைக் காட்டினேன். வாங்கிச் சென்றார். மூன்று மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவரும் மனைவியும் சுபஹுக்கு முன்னரே எழுந்து, தினமும் 300 இடியப்பம் அவித்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பவர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. உத்தரவாத அட்டையிலோ "வீட்டுப் பாவனைக்கு மட்டும்" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. நட்டம் அவருக்கு. ஆனால் தவறு, எத்தனை இடியப்பம் அவிக்கிறீர்கள் என்று கேட்காமலே விற்ற என்னுடையது. அந்தக் கடன் தீரவே இதை எழுதுகிறேன்.

ஆவியில் வித்தியாசம் இல்லை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். கேஸில் வந்தாலும் கரண்டில் வந்தாலும் ஆவி ஆவிதான். இரண்டும் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ். ருசி மாறாது. மாறுவது செலவும் வேகமும்தான்.

ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 290 கிலோ யூல் வெப்பம் போதும். கொதித்த அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோ யூல் வேண்டும். அதாவது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. எனவே எமது காசு செலவாவது தண்ணீரைச் சுடவைப்பதில் அல்ல, ஆவியாக்குவதில். மூடி சரியாகப் பொருந்தாத ஸ்டீமரில் சும்மா வெளியேறுவது ஆவி மட்டுமல்ல, உங்கள் இலாபமும்தான்.

எண்பதால் பிரித்துப் பாருங்கள்

எது மலிவு? விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது.

12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் உள்ள வெப்பம் சுமார் 160 மின் அலகுகளுக்குச் சமம். ஆனால் அடுப்பில் எரியும்போது ஏறக்குறைய பாதி பாத்திரத்தின் பக்கங்களால் வெளியே போய்விடும். ஆகவே பயன்படுவது சுமார் 80 அலகு. மின்சார ஸ்டீமரில் சூடாக்கும் பகுதி தண்ணீரோடு சேர்ந்தே இருப்பதால் வீண் குறைவு.

எனவே சிலிண்டரின் விலையை 80ஆல் பிரியுங்கள். கணக்குக்காக சிலிண்டர் 4,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் விடை 50 ரூபா. உங்கள் மின் பட்டியலில் கடைசி அலகுக்கு 50 ரூபாவை விடத் தெளிவாகக் குறைவாகக் கட்டுகிறீர்கள் என்றால் கரண்ட் மலிவு. தெளிவாகக் கூட என்றால் கேஸ் மலிவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் செலவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். "கடைசி அலகு" என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். வீட்டு இணைப்பில் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும். ஸ்டீமரின் அலகுகள் மேல் படியில்தான் போய் விழும்.

வேகத்தைப் பாருங்கள்

வீட்டுக்கான மின்சார ஸ்டீமர்கள் பெரும்பாலும் 1,000 வாட் அளவில்தான் இருக்கும். அது ஒரு மணித்தியாலத்தில் எழுப்பக்கூடிய ஆவி அதிகபட்சம் ஒன்றரை லீற்றர் தண்ணீர் அளவுதான். ஒரு குடும்பத்துக்குப் போதும். காலை ஆறு மணிக்கு முன் நூற்றுக்கணக்கில் அவிப்பவருக்குப் போதாது.

பல தட்டுகள் உள்ள பெரிய மின்சார ஸ்டீமர்கள் உண்டு. 6,000 வாட் ஸ்டீமர் ஒன்று 230 வோல்ட்டில் 26 அம்பியர் இழுக்கும். சாதாரண பிளக்கில் அதைச் செருக முடியாது. உங்கள் இணைப்பு 30 அம்பியராக இருந்தால், ஸ்டீமரோடு வேறு எதையும் போட இடமிருக்காது. வாங்குவதற்கு முன் தகுதியுள்ள மின் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு வயரைக் காட்டுங்கள். அந்தச் செலவையும் ஸ்டீமரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

வட்டலப்பம் ஓடர் எடுப்பவர்களுக்கு இன்னொரு விடயம். அதற்கு மெல்லிய ஆவிதான் வேண்டும். ஆவி பலமாக அடித்தால் ஓட்டை ஓட்டையாகிவிடும். அடுப்பில் நெருப்பைக் குறைக்கலாம். சாதாரண மின்சார ஸ்டீமரில் நேரத்தைத்தான் மாற்றலாம், ஆவியின் பலத்தைக் குறைக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. மின்சார ஸ்டீமர்கள் பலவற்றில் தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் வசதி இருக்கிறது. அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்கும். அதற்கு எங்கள் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை, பானைக்குள் ஒரு சில்லறைக் காசைப் போடுவது. கொதிக்கும்வரை காசு சத்தமிடும். சத்தம் நின்றால் தண்ணீர் முடிந்தது. சுண்ணாம்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் உள்ள ஊர்களில் மின்சார ஸ்டீமரின் சூடாகும் தட்டில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை வினாகிரி ஊற்றிக் கழுவாவிட்டால் அதன் ஆயுள் குறையும்.

2022ஐ மறக்க வேண்டாம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதே வருட நடுப்பகுதியில் கேஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை. ஒன்றை மட்டும் நம்பியிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு இருந்தார்கள். ஹோட்டல்காரர் ஒரு வாரம் பொறுப்பார், அடுத்த வாரம் வேறு ஆளிடம் எடுப்பார்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். தினமும் நூறு, இருநூறுக்கு மேல் அவிப்பவர், தடித்த அடியும் இறுக்கமான மூடியும் உள்ள அடுப்பு ஸ்டீமரைப் பிரதானமாக வைத்துக்கொள்ளட்டும். சிறிய மின்சார ஸ்டீமர் ஒன்று அவசரத்துக்கு இருக்கட்டும். அளவு குறைவாகவும் அலகு மலிவாகவும் உள்ளவர் அதை மாற்றிச் செய்யலாம்.

அந்தச் சகோதரர் இப்போது அடுப்பு ஸ்டீமரில்தான் அவிக்கிறார். அதற்கு நான் இலாபம் வைக்கவில்லை. அன்றிலிருந்து யார் ஸ்டீமர் கேட்டு வந்தாலும், விலையைச் சொல்வதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை அவிக்கிறீங்க?"